பாக்ஸ்ட்டின் 'நெருப்புப் பறவை' உடை வரைபடம்: நகலெடுக்கும்போது குவாஷ் பெயர்கிறது, தங்கத்துக்கு எது சரி?

செந்தூரம்:
வணக்கம். 1910-ல் டியாகிலெவின் பாலே ரூஸ் நடனக் குழு பாரிஸில் மேடையேற்றிய 'நெருப்புப் பறவை' பாலேவுக்கு லெயோன் பாக்ஸ்ட் வரைந்த உடை வரைபடத்தை, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஹாட் பிரஸ்ட், அதாவது வழவழப்பான, காட்டன் தாளில், குவாஷ் என்ற ஒளிபுகா நீர்வண்ணத்தில் நகலெடுக்கிறேன். மூன்று சிக்கல்கள். ஆரஞ்சின் மேல் இறகு வரிகளை இழுத்தால் அடிநிறம் கரைந்து கலங்குகிறது. இறகு நுனியில் கெட்டியாக வைத்த குவாஷ் காய்ந்ததும் வெடிக்கிறது. மூலத்தின் புகைப்படத்தில் தங்கம் வரும் இடங்கள் திரையில் மங்கிய பழுப்பு மஞ்சளாகத்தான் தெரிகின்றன. மஞ்சள் காவியே போதுமா, மெட்டாலிக் வண்ணம் வேண்டுமா?

ஈரத்தாள்:
முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அடிப்பூச்சு கனமாக இருக்கிறது. குவாஷ் எத்தனை நாள் காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் திரும்பக் கரையும். அதனால் ஆரஞ்சை குவாஷில் பூசாமல், வாட்டர் கலரில் நீர்த்த வாஷாக, அதாவது மெல்லிய பரவலான பூச்சாக, இரண்டு முறை விடுங்கள். அது தாளுக்குள் ஊறிவிடும், எளிதில் பெயராது. நன்றாகக் காய்ந்த பிறகு இறகு வரிகளைப் பாலாடைப் பதத்தில் குவாஷ் எடுத்து ஒரே இழுப்பில் போடுங்கள். போட்ட கோட்டின் மேல் திரும்பப் போனால் கட்டாயம் கலங்கும். தட்டையான, கனத்த ஆரஞ்சுதான் வேண்டும் என்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் அக்ரிலிக் பிசின் கலந்த 'அக்ரிலிக் குவாஷ்'. காய்ந்தபின் அது கரையாது.

வெடிப்பு, ட்யூபிலிருந்து அப்படியே எடுத்து வைப்பதால் வருவது. கனமான பூச்சு காயும்போது சுருங்கும்; அடியில் தாளும் வளைந்தால் விரிசல் விழும். மெல்லிய பூச்சாக இரண்டு தடவை வையுங்கள். தொடங்குமுன் தாளைச் சில நிமிடம் நனைத்து, பலகையில் கம் டேப்பால் (நனைத்து ஒட்டும் காகித டேப்) நான்கு பக்கமும் ஒட்டி, ஒரு இரவு காயவிடுங்கள். வேலை முழுக்க முடியும்வரை பலகையிலிருந்து வெட்டி எடுக்க வேண்டாம்.

இன்னொன்று: குவாஷில் வெளிர் நிறங்கள் காய்ந்தால் சற்று இருளும், அடர் நிறங்கள் சற்று வெளுக்கும். ஈரத்தில் பார்த்து நிறம் பொருத்தினால் ஏமாற்றம்தான். அதே தாளின் துண்டில் பூசி, காயவைத்து, பிறகு ஒப்பிடுங்கள்.

மைக்கா:
மஞ்சள் காவி போதாது. பக்கங்களிலிருந்து வெளிச்சம் விட்டு எடுத்த படத்தில் உலோக வண்ணம் ஒளியை லென்ஸுக்கு வெளியே திருப்பிவிடுவதால் பழுப்பாகத் தெரிகிறது. அருங்காட்சியகப் பதிவில் 'பயன்படுத்திய பொருள்' என்ற வரியைப் பாருங்கள். உலோக வண்ணம் என்று இருந்தால், படத்தில் பழுப்பாகத் தெரியும் புள்ளிகளும் ஓரக்கோடுகளும் பெரும்பாலும் அதுதான்.

பிரான்ஸ் பவுடர் (bronze powder, தங்க நிற உலோகப் பொடி) வாங்காதீர்கள். அது செம்பும் துத்தநாகமும் கலந்தது. நாளாக நாளாகக் கறுக்கும், பச்சையும் பூக்கும். மைக்கா பவுடர், அதாவது மின்னும் அபிரகப் பொடி, இந்த வேலைக்கு நம்பகமானது. ஒரு பங்கு கம் அரபிக்கை (கருவேல வகை மரத்தின் பிசின்) இரண்டு பங்கு தண்ணீரில் ஊறவைத்துக் கரைசல் செய்யுங்கள். அந்தக் கரைசல் ஒரு பங்குக்கு மைக்கா இரண்டு பங்கு, பிறகு பிரஷ் ஓடும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர். மைக்கா அடியில் படியும். ஒவ்வொரு முறை தொடும்போதும் கலக்குங்கள். காய்ந்தபின் விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடி ஒட்டினால் கம் குறைவு. கண்ணாடி போல் பளபளத்து, தங்கப் பொலிவு அமுங்கியிருந்தால் கம் அதிகம்.

தங்கத்துக்கு அடியில் மஞ்சள் காவி ஒரு வாஷ் விட்டால் ஒரே பூச்சில் நிறையும். தங்கம் எப்போதும் கடைசியில். அதற்குத் தனி பிரஷ், தனித் தண்ணீர் டப்பா. இல்லாவிட்டால் மைக்கா துகள் எல்லா நிறத்திலும் மின்னும்; பிறகு எடுக்கவே முடியாது.

கோட்டோவியம்:
பென்சில் கோட்டை விட்டுவிடாதீர்கள். பாக்ஸ்ட்டின் வரைபடங்களுக்கு உயிரே அந்தக் கோடுதான். வாஷுக்கு அடியிலிருந்து தெரிய வேண்டும். ட்ரேசிங் பேப்பரின் பின்புறம் முழுக்கக் கிராஃபைட் தேய்த்து மாற்றினால் மஞ்சளும் ஆரஞ்சும் அழுக்காகும். லைட் பாக்ஸ் (அடியிலிருந்து ஒளி வரும் பலகை) வைத்து 2ஹெச் பென்சிலால் நேரடியாக வரைவது சுத்தம். தாள் தடிமனால் கோடு தெரியாவிட்டால், கிராஃபைட்டைக் கோடுகளின் பின்பக்கம் மட்டும் தேய்த்து மாற்றி, புட்டி ரப்பரால் (பிசையக்கூடிய மென்மையான அழிப்பான்) ஒற்றி எடுங்கள். தாளை நனைத்து ஒட்டுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

செந்தூரம்:
நன்றி. இன்றைய மங்கிய நிறத்தை அப்படியே எடுப்பதா, அன்றிருந்த நிறத்தைக் கொண்டுவருவதா? கையெழுத்தையும் போடலாமா?

ஈரத்தாள்:
நிறத்தில் எதை எடுத்தாலும் முதலிலேயே முடிவு செய்து, முழுப் படத்துக்கும் அதையே பின்பற்றுங்கள். பாதிப் பாதி கலந்தால் படம் பொய்யாகத் தெரியும். பழைய ஓவியங்களில் ஈய வெள்ளை இருந்தால், காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடால் அது சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறியிருக்கும். ஒளிப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் திட்டு தெரிந்தால் அதை நிழல் என்று நினைத்து வரையாதீர்கள். சிவப்புக்கு அலிசரின் கிரிம்சன் (ட்யூபில் நிறமிக் குறியீடு பி.ஆர்.83) வேண்டாம், வெளிச்சத்தில் வெளுத்துவிடும். அதற்குப் பதில் குவினாக்ரிடோன் (குறியீடு பி.வி.19) நிறமி பாருங்கள்.

கையெழுத்து வேண்டாம். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நகலெடுப்பவர்களுக்கே மூலத்தின் கையெழுத்தைப் போடக் கூடாது, அளவும் மூலத்திலிருந்து மாறியிருக்க வேண்டும் என்று விதி உண்டு. பின்புறம் 'பாக்ஸ்ட்டைப் பார்த்து வரைந்த நகல்' என்று எழுதி, உங்கள் பெயரும் ஆண்டும் பென்சிலால் போடுங்கள். பாக்ஸ்ட் 1924-ல் இறந்தார், ஆகவே ஐரோப்பாவில் படைத்தவர் இறந்தபின் 70 ஆண்டு நீடிக்கும் பதிப்புரிமை முடிந்துவிட்டது. அடுத்து அதே குழுவின் 'பெட்ருஷ்கா' பாலே வரைபடங்களை எடுக்க நினைத்தால் கவனம்: அவற்றை வரைந்த பெனுவா இறந்தது 1960-ல். ஐரோப்பாவில் அவர் படைப்புகளுக்கு 2030 முடியும்வரை உரிமை உண்டு.