"ஓரமாப் போ" என்கிறார்களே, ஓரத்தில் என்ன இருக்கிறது? சென்னை ரோட்டில் சைக்கிளும் காரும்

அதிகாலை ஆள்:
ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) திருவான்மியூர் தாண்டினால் இடது விளிம்பில் மணலும் கண்ணாடித் துண்டும்தான். மழைநீர் வடிகால் மூடி எங்கே பள்ளமாக இறங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த ஓரத்திலேயே போனால் ஏதோ ஓர் இடத்தில் சட்டென்று வலப்பக்கம் ஒடிக்க வேண்டிவரும். பின்னால் வரும் கார்க்காரர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். அதனால் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே, வளையாமல் நேராக ஓட்டுங்கள். பாலம், பாதி அடைத்த ரோடு மாதிரி குறுகலான இடம் வந்தால் லேன் நடுவுக்கே வந்துவிடலாம். ஓரத்தில் இருந்தால் சந்து கிடைத்தது என்று உரசிக்கொண்டு நுழைவார்கள். நடுவில் இருந்தால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். நகரும் முன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கணும், கை காட்டணும், பிறகுதான் நகரணும். தாண்டியதும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

கேரியர் வண்டி:
சரிதான் சார், ஆனா லேன் நடுவுல போறதெல்லாம் வண்டிங்க மெதுவாப் போற இடத்துக்குத்தான். கோவளம் பக்கம் 80-ல பறக்குற இடத்துல வேணாம்.

ஓஎம்ஆர்ல (பழைய மகாபலிபுரம் ரோடு) பெரிய தலைவலி கார் கதவு. நிக்கிற காரைத் தாண்டும்போது ஒரு கதவு அகலம், அதாவது ஒரு மீட்டருக்கு மேல விடணும். பின் கண்ணாடி வழியா டிரைவர் சீட்ல தலை தெரியுதா, பிரேக் லைட் இப்பத்தான் அணைஞ்சுதா, பாருங்க. நெரிசல்ல இடது பக்கம் சந்துல நுழையறவங்களுக்கு இன்னொரு ஆபத்து: கால் டாக்ஸியில வர்றவங்க இடது கதவைத் திறந்து அங்கேயே இறங்குவாங்க. 10 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல அந்தச் சந்துல போகாதீங்க. 25-ல போனா ஒரு நொடிக்கு 7 மீட்டர். கதவைப் பார்த்து பிரேக்கைப் பிடிக்கறதுக்குள்ள கதவு வந்துடும்.

ஸ்டாப்ல நிக்கிற பஸ்ஸுக்கு இடது பக்கம் நுழையவே நுழையாதீங்க. பின்னாலயே நில்லுங்க, அரை நிமிஷம்தான்.

இரவு ஷிப்ட்:
லைட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பின்னால் சிவப்பு விளக்கு இரண்டு வேண்டும். மின்னுவது கவனத்தை இழுக்கும். ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று டிரைவருக்குக் கணிக்க வராது. நிலையாக எரியும் இன்னொன்று அதற்குத்தான். கணுக்காலில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை கட்டினால், மேலும் கீழும் ஆடும் அந்த அசைவே சைக்கிள் என்று சொல்லிவிடும். முன் விளக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். எதிரே வருபவர் கண் கூசினால் நஷ்டம் நமக்கு.

அதிகாலை ஆள்:
கேரியர் வண்டி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க், ரிசார்ட் வாசல் வரும்போது, நம்மை முந்திய காரே நம் முன்னால் இடது பக்கம் கட் அடிக்கும். இண்டிகேட்டரை நம்பாதீர்கள், முன் சக்கரத்தைப் பாருங்கள். வண்டி திரும்பும் முன் அது திரும்பும். காரின் முன் கதவுக்குப் பக்கத்திலேயே ஒட்டிப் போகாமல் பின்தங்கி விடுங்கள். பிரேக் பிடிக்க நேரம் இல்லை என்றால் காரோடு சேர்ந்து நீங்களும் இடது பக்கமே ஒடித்துவிடுங்கள். வலது பக்கம் ஒதுங்கினால் பின்னால் வரும் தண்ணி லாரி.