சோலார் பேனலைச் சுற்றி வலை கட்டினால் கரண்ட் குறையுமா? (கடலூர் – புதுச்சேரி மாடிவாசிகள் பேச்சு)

கெடிலக்கரை:
நேற்று வேறொரு பேச்சுக்கு நடுவே முத்தியால்பேட்டைக்காரர் போகிற போக்கில் இப்படி எழுதியிருந்தார்: "பேனலுக்கு அடியில் புறா வருகிறது என்று வலை கட்டாதீர்கள். காற்று அடைபட்டு பேனல் சூடேறும், உற்பத்தி பாதியாகிவிடும். குஞ்சு பொரித்ததும் புறா தானாகப் போய்விடும்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இதை நம்பி நாலு பேர் சும்மா இருந்துவிட்டால் நஷ்டம் யாருக்கு?

என் வீடு மஞ்சக்குப்பம். 3 கிலோவாட், மத்திய அரசின் 78,000 ரூபாய் மானியத்தில் போட்டது. போட்டுக் கொடுத்தவர்கள் பேனலுக்கும் தளத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டுவிட்டுப் போனார்கள். வெயில் படாது, மழை படாது, பருந்து நுழையாது. புறாவுக்கு வேறென்ன வேண்டும்? துடைப்பக் குச்சி, வேப்பங்குச்சி, பக்கத்தில் சென்ட்ரிங் போட்டவன் வெட்டிப்போட்ட கட்டுக்கம்பி என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து கூடு. இரண்டு முட்டை, ஏறத்தாழ 18 நாள் அடை, ஒரு மாதத்தில் குஞ்சு பறக்கும். அது பறப்பதற்குள்ளேயே தாய் அடுத்த முட்டைக்கு உட்கார்ந்துவிடும். வருஷம் முழுக்க இதே கதை. தானாகப் போகுமாம்!

இப்போது சூட்டுக்கு வருகிறேன். பேனலில் போட்டிருக்கும் வாட் கணக்கு 25 டிகிரிக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 முதல் 0.4 சதவீதம் குறையும். பாதியாகக் குறைய வேண்டும் என்றால் பேனல் 150 டிகிரிக்குப் போக வேண்டும். அரை இஞ்சு ஓட்டை வெல்டட் மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலையில், கம்பி ஒரு மில்லிமீட்டர்தான். நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் வெறும் ஓட்டை. காற்று எங்கே அடைபடும்? பதில் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை:
பெயரை இழுத்துப் பேசியதால் எழுதுகிறேன். நான் புத்தகம் பார்த்து எழுதவில்லை, கண்ணால் பார்த்ததை எழுதினேன். எங்கள் பக்கத்து வீட்டில் அக்டோபரில் பேனலைச் சுற்றி வலை கட்டினார்கள், நவம்பரிலேயே யூனிட் விழுந்துவிட்டது. எங்களுக்கு மாசா மாசம் பில், உங்களைப் போல இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை இல்லை. அதனால் உடனே தெரிந்தது. வலைக்குள் கையை விட்டால் அனல் அடிக்கிறது. கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்ட வேண்டாம்.

கெடிலக்கரை:
நவம்பரா? நம் கரையோரத்தில் அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வானம் மூடியிருந்தால் வலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் யூனிட் விழத்தான் செய்யும். போன வருஷ நவம்பர் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். அப்புறம், காற்று எப்படி அடைபடும் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

முத்தியால்பேட்டை:
மழை ஒரு வீட்டுக்கு மட்டுமா பெய்தது? அதே தெருவில் என் மச்சான் வீட்டிலும் 3 கிலோவாட். அங்கே வலை இல்லை, இவ்வளவு விழவில்லை. இதற்கு உங்கள் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது?

வெள்ளிக்கடற்கரை:
ஒரு சந்தேகம். அந்த வீட்டில் கட்டினது கம்பி வலையா, நிழலுக்காக நெருக்கமாகப் பின்னின பச்சை ஷேட் நெட்டா? இரண்டு பேரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறீர்களா?

அப்புறம் கம்பி வலை கட்டுகிறவர்களுக்கு: தேவனாம்பட்டினம் பக்கம் சாதா ஜி.ஐ. மெஷ் (துத்தநாகம் பூசின இரும்புக் கம்பி வலை) உப்புக் காற்றில் சீக்கிரமே துரு கக்கும். பி.வி.சி. பூசினது வாங்குங்கள், முடிந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பேனல் சட்டத்தில் துளை போட விடாதீர்கள், வாரண்டி போய்விடும். சட்டத்தின் அடி விளிம்பில் மாட்டுகிற கிளிப் கிடைக்கிறது, அதுதான் சரி. பிளாஸ்டிக் டை வெயிலில் பொடிந்து வலை தொங்கும். தொங்கின இடம் புறாவுக்கு வாசல்.

லாஸ்பேட்டை அக்கா:
கம்பி, காற்று, யூனிட்! உள்ளே உயிர் இருக்கிறதே, அதை யாராவது பேசினீர்களா? எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கூட்டைப் பார்க்காமலே சுற்றிலும் வலையை அடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே கண் திறந்த குஞ்சு இரண்டு. தாய்ப்புறா வலைக்கு வெளியே கண்ணாடி மேல் நடந்துகொண்டே இருந்தது. நான் சண்டை போட்டுத்தான் ஒரு பக்கம் பிரிக்க வைத்தேன். 1960-ம் வருஷத்திலேயே விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தாகிவிட்டது. பட்டினி போட்டுக் கொல்வது வதை இல்லாமல் வேறென்ன?

கெடிலக்கரை சார், நீங்கள் கட்டும்போது கூட்டில் முட்டை இருந்ததா, குஞ்சு இருந்ததா, என்ன செய்தீர்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

ஓ.டி. வாசி:
வலையே எதற்கு? பேனலைத் தாங்குகிற இரும்பு ஸ்ட்ரக்சரை ஏழடி உயரத்துக்குப் போட்டால் அடியில் இருட்டு மூலை கிடையாது, புறா கூடு கட்டாது. துணியும் காயப்போடலாம். காசுக்கு யோசித்துத் தாழப் போட்டுவிட்டு இப்போது புறாவைத் திட்டி என்ன பயன்?

கெடிலக்கரை:
அண்ணே, 2011 டிசம்பர் 30, 'தானே' புயல் அன்றைக்கு நீங்கள் கடலூரில்தானே இருந்தீர்கள்? நெல்லிக்குப்பம் ரோட்டில் தகரக் கூரைகள் போன போக்கைப் பார்த்துமா ஏழடி உயரம் சொல்கிறீர்கள்? உயரம் போகப் போகக் காற்றின் தள்ளு அதிகம், அதற்கேற்ற கனத்தில் இரும்பு போட வேண்டும், அஸ்திவாரம் வேண்டும். அது செலவு. போதாததற்கு உயரத்திலும் குறுக்குக் கம்பி மேல் புறா உட்காரத்தான் செய்யும்.

ஓ.டி. வாசி:
ஃபெஞ்சல் புயலில் என் ஸ்ட்ரக்சர் அசையவில்லை. ஒழுங்கான ஆளை வைத்துச் செய்தால் நிற்கும். மலிவாகச் செய்கிறவர்களிடம் வாங்கினவர்கள் எனக்குப் புயல் பாடம் எடுக்க வேண்டாம்.

முத்தியால்பேட்டை:
ஃபெஞ்சலைப் பற்றி எங்களிடம் கேளுங்கள். 2024 நவம்பர் 30, புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. அன்றைக்குப் பக்கத்து வீட்டு மாடியில் தண்ணீர் குளமாக நின்றதற்கும் அந்த வலைதான் காரணம். குப்பை எல்லாம் அதில் சிக்கி வடிகால் அடைத்துக்கொண்டது.

கெடிலக்கரை:
வடிகாலை அடைத்தது வலையா, புறா எச்சமும் இறகும் குச்சியுமா? எங்கள் வீட்டு மழைநீர்க் குழாயில் கையை விட்டு நான் எடுத்தது அத்தனையும் புறாக் கூட்டுச் சமாச்சாரம். அட்டை மாதிரி இறுகின எச்சத்துக்குள் இறகும் வேப்பங்குச்சியும்.

எச்சம் என்ன செய்யும் என்று தெரிந்துதான் பேசுகிறீர்களா? பேனலில் செல்கள் வரிசையாகக் கோர்த்தவை. ஒரே ஒரு செல்லை எச்சம் மூடினாலும் அந்த வரிசை முழுக்க இடறும். கரண்டை அந்த வரிசையை விட்டுச் சுற்றிப் போகவிடுகிற பைபாஸ் டையோடு திறந்துகொண்டால் ஒரு பேனலில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. மூடின செல் தனியாகக் கொதிக்கும், அந்த இடத்தில் கண்ணாடிக்கு அடியில் பழுப்புத் தழும்பு விழும். சூடு சூடு என்கிறீர்களே, அந்தச் சூட்டைப் பற்றி ஏன் பேச்சையே காணோம்? வலையில் காற்று போகும். எண்பது பங்கு ஓட்டை. மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன், எங்கே அடைபடும்?

முத்தியால்பேட்டை:
எச்சம் என்றால் கழுவ வேண்டியதுதானே. கழுவச் சோம்பல்பட்டுக்கொண்டு கூண்டு கட்டுகிறீர்கள்.

கெடிலக்கரை:
கழுவுவதைப் பற்றி நீங்கள் பேசவே கூடாது. போர் தண்ணீரில் மத்தியான வெயிலில் கழுவலாம் என்று போன கோடையில் எழுதினவர் நீங்கள். அனலில் கிடக்கும் கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் விரிசல் விட வாய்ப்பு இருக்கிறது. நம் கரையோரத்துப் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாக உப்புப் படியும், எச்சம் போய் உப்பு வரும். அன்றைக்கும் நான் சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை.

முத்தியால்பேட்டை:
ஆக அந்தப் பழைய கோபம்தான் இன்னும் தீரவில்லை. இப்போது புரிகிறது, வலைக்கும் காற்றுக்கும் இந்த ஆவேசத்துக்கும் சம்பந்தமே இல்லை.

செம்மண்டலம் மாடிவீடு:
என் மாமியாருக்கு மூச்சுத் தொல்லை. மருத்துவர் முதலில் கேட்டதே "வீட்டில் புறா இருக்கிறதா" என்றுதான். காய்ந்த எச்சத் தூசியும் இறகுத் துகளும் நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி உண்டாக்கும், வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறிப் போகும் என்றார். பேனலுக்கு அடியில் பெருக்குகிறவர்கள் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு எடுங்கள். உலர்ந்ததை அப்படியே துடைப்பத்தால் பெருக்காதீர்கள். தானியம் இறைத்துப் புறாவை ஊருக்குள் பெருக்குகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மும்பையில் புறாக்களுக்குத் தானியம் போடுகிற இடமான தாதர் கபூதர்கானாவையே 2025-ல் மூடினார்கள்.

லாஸ்பேட்டை அக்கா:
தானியம் போடுவது என்னைக் குறித்துத்தான் என்று தெரிகிறது. ஆமாம், போடுகிறேன். கோயில் கோபுரத்தில் எத்தனை தலைமுறையாக இருக்கின்றன, அங்கே போய் யாரும் சண்டை போடவில்லையே! மாடி முழுக்கப் பேனல் போட்டு அடியில் வசதியாக நிழல் செய்து வைத்தது நாம். வந்தது அதன் குற்றமா? கட்டுவதாக இருந்தால் குஞ்சு பறந்த பிறகு, அடுத்த முட்டை இடுவதற்கு முன்னால், கூட்டைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

கெடிலக்கரை சார், என் கேள்வி அப்படியே இருக்கிறது.

செம்மண்டலம் மாடிவீடு:
கோபுரத்துப் புறா என் மாமியார் படுக்கிற அறை ஜன்னலுக்கு மேல் இல்லை அக்கா.

வெள்ளிக்கடற்கரை:
கம்பி வலையா, ஷேட் நெட்டா என்று கேட்டிருந்தேன்.

முத்தியால்பேட்டை:
வலை என்றால் வலை. சுற்றி மறைத்துக் கட்டினால் காற்று குறையத்தான் செய்யும், இதற்குப் படிப்பு வேண்டாம். பச்சையாகக் கட்டினாலும் கம்பியில் கட்டினாலும் உள்ளே அனல் அனல்தான். மே மாசம் யாராவது கத்திரி வெயிலில் என் கூட வாருங்கள், கையை விட்டுப் பார்க்கலாம்.

கெடிலக்கரை:
மே மாசம் மொட்டைமாடியில் எங்கே கையை வைத்தாலும் அனல்தான், வலை இல்லாத பேனலுக்கு அடியிலும் அனல்தான். பச்சையோ கம்பியோ, 150 டிகிரி என்று நான் போட்ட கணக்கில் ஒரு பிழை காட்டுங்கள் பார்க்கலாம். மச்சான் வீடு, பக்கத்து வீடு, குளம், வடிகால் எல்லாம் வந்துவிட்டது. பதில் மட்டும் வரவில்லை. காற்று எங்கே அடைபடுகிறது?

ஓ.டி. வாசி:
ஏழடி போட்டிருந்தால் இந்தக் கேள்வியே இல்லை.

கெடிலக்கரை:
அண்ணே, உங்களிடம் கேட்கவில்லை.

லாஸ்பேட்டை அக்கா:
முட்டை இருந்ததா, இல்லையா சார்?

கெடிலக்கரை:
முதலில் முத்தியால்பேட்டைக்காரர் காற்றுக்குப் பதில் சொல்லட்டும் அக்கா, அப்புறம் முட்டைக்கு வருகிறேன்.

முத்தியால்பேட்டை:
பக்கத்து வீட்டு நவம்பர் பில்லைப் படம் எடுத்துப் போடுகிறேன். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

கெடிலக்கரை:
போன வருஷ நவம்பர் பில்லையும் சேர்த்துப் போடுங்கள்.