முதலைக்குத் தீனி போட்டவங்க, கூண்டு கழுவினவங்க: மறக்க முடியாதது எது?

பென்னாகரத்தான்:
ஒகேனக்கல் முதலைப் பண்ணையைப் பாக்காதவங்க நம்ம மாவட்டத்துல கம்மி, அதனால நேரா விஷயத்துக்கு வரேன். தீனி போடற அண்ணன் ஒருத்தர் நமக்குப் பழக்கம். ஒரு ஞாயித்துக்கிழமை, வாயைப் பொளந்துக்கிட்டு வெயில்ல கெடந்த ஒண்ணைப் பாத்து "பொம்மைடா"ன்னு எவனோ கல்லு விட்டான். வாயிலயே விழுந்துச்சு. அது அசையக்கூட இல்ல. (சூடு தணிக்கத்தான் அப்படித் தொறந்து வெக்கும்.) அப்புறம் தீனி நேரம். கறித்துண்டைக் கவ்வுது, வலப்பக்கம் நழுவி விழுது. தலையை இடப்பக்கம் சாய்ச்சுத் திரும்பக் கவ்வுது. எனக்கு ஒண்ணும் தோணல. அண்ணன் மட்டும் "பல்லு போயிருக்கு, மொளைச்சுக்கும்"னு சொல்லி நோட்டுல குறிச்சார். ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கற கூட்டத்துல அது எப்படிய்யா கண்ணுல பட்டுச்சு?

தளி ரோடு:
கண்ணு மட்டும் பத்தாது பென்னாகரத்தாரே, சனக் கூட்டத்தை அடக்கத் தெரியணும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒருத்தன் துரத்தினதுல ராகிக் கொல்லை வேலியில புள்ளிமான் சிக்கிக்கிச்சு. ஊரே செல்போனோட நிக்குது, நாய் வேற. வனத்துறை வாட்சர் (காவலர்) ஒருத்தர் தோள்துண்டால அதோட கண்ணைக் கட்டினார். நான்தான் கழுத்தைப் பிடிச்சிருந்தேன். துடிப்பு மெல்ல மெல்ல இறங்கறது கையிலயே தெரிஞ்சுது. ஆனா காட்டுக்குக் கொண்டுபோற வழியிலயே செத்துருச்சு. பெரிய காயமே இல்ல. துரத்தின பயத்துலயே தசை கெட்டு மான் செத்துரும்னு டாக்டர் சொன்னார். துரத்தினவன் வீடியோவை ஸ்டேட்டஸ் வெச்சிருந்தான்.

காரிமங்கலம் கீப்பர் (ஓய்வு):
வண்டலூர் 1985ல தொறந்த புதுசுல சேந்தவன் நான். லீவு முடிஞ்சு புதுச் செருப்போட போனப்ப, நான் வளர்த்த கரடியே நடைச் சத்தம் மாறுதுன்னு உள் அறைக்கு வர மாட்டேன்னுடுச்சு. என் கதை அவ்வளவுதான். ஆனா தம்பிகளா, இந்த வேலைக்கு வர ஆசைப்பட்டா கேட்டுக்கோங்க. காலையில போனதும் முதல்ல தலை எண்ணணும். அப்புறம் சாணி, லத்தி, புழுக்கை: நோய் முதல்ல அங்கதான் தெரியும். மிருகத்தை உள் அறைக்கு மாத்தி, தாழ்ப்பாளைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பாத்துட்டுத்தான் வெளிக்கூண்டைக் கழுவணும். கூட இருக்கறவன் "பூட்டிட்டேன்"னு சொன்னா நம்பக்கூடாது. புலி, சிங்கத்துக்கு வாரத்துல ஒருநாள் பட்டினி போடுவாங்க, பாவம்னு ஒளிச்சுக் கறி போடாதீங்க. முதலைக்கு வாயை மூடற பலம்தான் அதிகம், தொறக்கற பலம் இல்ல. வாயைக் கட்டியாச்சுன்னா வாலைக் கவனிங்க, அடி விழறது அதுலதான். குளிர் மாசத்துல அது தின்னலன்னு டாக்டரை ஓட வெக்காதீங்க. செண்டு பூசிக்கிட்டு வராதீங்க...

மாரண்டஅள்ளி மலர்:
ஐயா, வேலைக்கு வழி யாரும் கேக்கலீங்க. 😄 தளி அண்ணா சொன்னதுதான் சரி. 2023 மார்ச்ல எங்க ஊர்ப்பக்கம் மின்வேலியில மூணு பொம்பளை யானை செத்துச்சே, ரெண்டு குட்டியும் பொணத்தை விட்டு நகரல. கிட்டப் போனா முட்ட வருது, தள்ளிப் போனா திரும்ப அம்மாகிட்ட ஓடுது. "பாவம், பழம் குடுக்கலாமே"ன்னு வாழைத்தாரோட நின்னவங்கள்ல எங்க மாமாவும் ஒருத்தர். மனுச வாடைக்குப் பழகிட்டா அப்புறம் கூட்டத்துல சேக்கறதே கஷ்டம்னு வனத்துறை ஆளு ஒருத்தர் எடுத்துச் சொன்னார். மாமா அவர்கூட இன்னும் பேசறதில்ல.

பென்னாகரத்தான்:
கீப்பர் ஐயா கோவிச்சுக்காதீங்க, செண்டு விஷயம் எனக்குப் புதுசு. தளி அண்ணா, கண்ணு கட்டற துண்டு ஈரமா இருக்கணுமா?

தளி ரோடு:
காஞ்சதே போதும். மூக்கை மட்டும் மூடிராதீங்க. வெயில்னா உடம்புல தண்ணி தெளிங்க, வாயில ஊத்தாதீங்க, புரையேறிடும்.