டிராவலரில் எல் வடிவ சீட்டும் முழு நீள கேரியரும்: பட்டறை சரி என்கிறது, வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்

ஆழியார்வழி:
வணக்கம். இரண்டு மாதம் முன்பு 2014 மாடல் டெம்போ டிராவலர் ஒன்று வாங்கினேன். ஓன் போர்டு, அதாவது வாடகைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு; 12+1 சீட். வீட்டில் ஐந்து பேர்: நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. லீவு விட்டால் லாட்ஜ் தேடி அலையாமல் வண்டியிலேயே படுத்து எழுந்து ஊர் சுற்ற வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

திட்டம் இது. பின்னால் இருக்கும் புஷ்பேக் சீட் அத்தனையும் கழற்றிவிட்டு, ஜன்னலை ஒட்டி எல் வடிவத்தில் நீள சீட். நடுவில் மேசை. ராத்திரி மேசையைச் சீட் மட்டத்துக்கு இறக்கினால் கட்டில். பிரேம் ஒரு அங்குல ஸ்கொயர் பைப்பில், எங்கள் தெரு கிரில் பட்டறையிலேயே. மேலே முழு நீளத்துக்கு இரும்பு கேரியர்: 120 லிட்டர் தண்ணீர் டேங்க், இரண்டு சோலார் பேனல், பிள்ளைகள் படுக்க மடக்குக் கூடாரம், பின்பக்கம் ஏணி.

பட்டறைக்காரர் பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார். மனைவி படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "வண்டி ஓடும்போது அத்தை எதைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்?" எனக்குப் பதில் வரவில்லை. கட்டியவர்கள் சொல்லுங்கள்.

கரூர்ப்பட்டறை:
தாராளமாகக் கட்டுங்க தம்பி. ஒரு அங்குல பைப் மட்டும் வேண்டாம். 40-க்கு 40 மி.மீ. ஸ்கொயர் பைப், 2 மி.மீ. கனத்தில் போடுங்க. 26 வருசமாக பஸ் பாடி கட்டுகிறேன். எங்க ஊருக்கு வெறும் சேஸிஸ்தான் வரும். டிரைவர் ஹெல்மெட் போட்டு ஓட்டிக்கொண்டு வருவார். முழு பஸ்ஸாகத் திருப்பி அனுப்புகிறோம். இந்த நீள சீட் எம்மாத்திரம்?

பக்கவாட்டில் உட்காருவது ஒன்றும் புதுசில்லை. சுமோவிலும் பொலேரோவிலும் கம்பெனியே அப்படித்தான் கொடுத்தான். ஊர்ப்பட்ட கல்யாண வீட்டுக்கு அதில்தானே போனோம்?

குஷனுக்கு 40 டென்சிட்டி ஃபோம். உட்காரவும் படுக்கவும் ஒரே பஞ்சு என்றால் அதற்குக் கீழே போகாதீங்க, ஆறு மாதத்தில் பள்ளம் விழும். ரெக்ஸின் வெயிலில் முதுகில் ஒட்டும். துணி உறை, அடியில் ஜிப், துவைக்கிற மாதிரி.

சோதனைச்சாலை:
குஷன் வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். பிரேம் விஷயத்தில் முடியாது. சீட் இழுவைச் சோதனை செய்யும் வேலை எனக்கு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஒரு சீட் ஆள் எடையைத் தாங்கினால் போதாது. மோதலில் ஆளை நிறுத்திப் பிடிக்க வேண்டும். ஐரோப்பிய விதி ஆர்-14 படி, மூன்று முனை பெல்ட் பூட்டும் இடத்தை இடுப்புப் பட்டையில் 13,500 நியூட்டன், தோள் பட்டையில் இன்னொரு 13,500 நியூட்டன் போட்டு ஒரே நேரத்தில் இழுப்பார்கள். கூட்டினால் சுமார் 2,750 கிலோ. பெல்ட் சீட்டிலேயே பூட்டியிருந்தால் சீட்டின் எடையைப் போல் இருபது மடங்கும் சேரும். ஒரு சீட்டுக்கு இது. உங்கள் எல் வடிவத்தில் நான்கு பேர்.

இப்போது கிரில் பட்டறை வெல்டிங்கை நினைத்துப் பாருங்கள். மெல்லிய பைப்பில் ஆர்க் அடித்தால் பாதி இடத்தில் ஓட்டை விழும், மீதி இடத்தில் மேலோடு ஒட்டியிருக்கும். அப்படியே நன்றாக அடித்தாலும் பிரேம் உட்காருவது கிட்டத்தட்ட ஒரு மி.மீ. தகட்டுத் தரையில். சாதா வாஷர் போட்ட போல்ட், தகட்டைப் பிய்த்துக்கொண்டு வாஷரோடு மேலே வந்துவிடும். பைப் முறிவதை நான் அதிகம் பார்த்ததில்லை. தரை கிழிவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

பக்கவாட்டு சீட் வேறு கதை. முன்னால் மோதும்போது உடம்பு இடுப்பில் நின்று தலை பக்கவாட்டில் வீசும். கழுத்து அந்தத் திசைக்குச் செய்யப்பட்டதில்லை. ஐரோப்பாவில் 2007 அக்டோபரிலிருந்து புதிய கார் வகை வண்டிகளில் பக்கவாட்டு சீட்டே கிடையாது.

கரூர்ப்பட்டறை:
சார், நாங்களும் பஸ் பாடி கட்டுவதற்கான ஏ.ஐ.எஸ்-052 தரநிலை எல்லாம் பார்த்துத்தான் கட்டுகிறோம். 13,500 என்பது காருக்கு. எட்டு பயணிக்கு மேல், ஐந்து டன்னுக்குள் என்றால் அது எம்2 வகை. அதே ஆர்-14-ல் எம்2-க்கு 6,750 தான். சீட் எடையும் இருபது மடங்கு கிடையாது, பத்து. டிராவலர் எந்த வகை என்று நீங்களே சொல்லுங்க.

சோதனைச்சாலை:
சரிதான். கார் எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டேன், என் தவறு. 12+1 டிராவலர் எம்2.

ஆனால் பாதியாகக் குறைத்தாலும் கணக்கு இதுதான்: 6,750 + 6,750 = 13,500 நியூட்டன், சுமார் 1,375 கிலோ. சீட் 25 கிலோ என்றால் அதன் பத்து மடங்கு 250. மொத்தம் 1,600 கிலோவுக்கு மேல். உங்கள் பட்டறையில் பஸ் சீட்டுக்கு அடியில் என்ன போடுவீர்கள்? தரைக்கு அடியில் ஓடும் இரும்புக் குறுக்குச் சட்டத்தில்தானே பூட்டுவீர்கள்? தெரு முனை கிரில் பட்டறைக்கு அந்தச் சட்டம் எங்கே ஓடுகிறது என்பதே தெரியாது.

கரூர்ப்பட்டறை:
அது உண்மைங்க. குறுக்குச் சட்டத்தில் பூட்டாமல் எந்த சீட்டும் எங்களிடமிருந்து வெளியே போகாது. தரையில் மட்டும் போல்ட் போடுகிறவன் பாடி பில்டர் இல்லை.

நாடோடிக்குடும்பம்:
நீங்கள் இரண்டு பேரும் நியூட்டனில் அடித்துக்கொள்ளுங்கள், நான் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வண்டியில் முதலில் கட்டியது இதே எல் வடிவம்தான். வால்பாறை இறக்கத்தில், 40 கொண்டை ஊசியில் எத்தனையாவது என்று நினைவில்லை, காட்டுமாடு குறுக்கே நின்றது. இவர் பிரேக் அடித்தார். வேகம் முப்பதுகூட இருக்காது. என் தங்கை மகன் அந்த வழவழ சீட்டில் பலகாரத் தட்டு சறுக்குவதுபோல் முழு நீளத்துக்கும் சறுக்கி, முன்னாலிருந்த அடுப்புப் பெட்டியில் போய் மோதினான். நெற்றியில் நான்கு தையல். மோதல் எல்லாம் இல்லை, வெறும் பிரேக்.

ஊருக்கு வந்ததும் எல்லாவற்றையும் பிரித்தோம். அன்றிலிருந்து எங்களுக்கு ஓடும்போது உட்காரும் சீட் வேறு, நின்றபிறகு உட்காரும் பலகை வேறு. கம்பெனி சீட்டில் இரண்டு வரிசையை, அது இருந்த இடத்திலேயே, அதே போல்ட்டில் விட்டுவிட்டோம். ஓடும்போது எல்லோரும் அதில்தான், பெல்ட்டோடு. அதற்குப் பின்னால்தான் நம் ராஜ்ஜியம். பெட்டி மாதிரி பலகை, மூடி திறந்தால் பாத்திரம், அரிசி. அதற்கு மெரைன் ப்ளைவுட்டும் எல் ஆங்கிளும் போதும், ஏனென்றால் ஓடும்போது அதில் யாரும் கிடையாது. பெட்டியை மட்டும் ஒழுங்காகப் பூட்டுங்கள், அதுவும் பறக்கும்.

பலகை மேல் மெத்தைக்கு நாங்கள் ஃபோம் போடவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும் ரப்பர் கலந்த தேங்காய் நார் மெத்தை, மேலே ஒரு அங்குலம் ஃபோம். காற்று போகும், வேர்க்காது. கொஞ்சம் கெட்டி. கரூர் அண்ணனுக்குப் பிடிக்காது.

கரூர்ப்பட்டறை:
நார் மெத்தை குத்தும் அம்மணி.

நோட்டீஸ்போர்டு:
யாருமே ஆர்.சி. புக்கைத் திறக்கவில்லையே. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு: கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதையே உறுதிப்படுத்தியது. அதே வருடத் திருத்தத்தில் 182ஏ(4) வந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சீட் எண்ணிக்கை ஆர்.சி.யில் இருக்கிற விஷயம். முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேளுங்கள், அப்புறம் ஸ்பேனரை எடுங்கள். வீடு மாதிரி வண்டிக்கென்றே ஏ.ஐ.எஸ்-124 என்று தனித் தரநிலை இருக்கிறது, அதையும் கேளுங்கள்.

கரூர்ப்பட்டறை:
ரோட்டில் போகிற வண்டியில் பாதிக்கு மேலே கேரியர் இருக்கு. எந்த பிரேக் இன்ஸ்பெக்டர் பிடித்தார்?

நோட்டீஸ்போர்டு:
பிரேக் இன்ஸ்பெக்டர் பிடிக்காமல் விடலாம். விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் கேமராவோடு வருவார். அவர் விடமாட்டார்.

யாழ்வான்:
கேரியரைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லலாம். என்னிடம் இருப்பது ஹைஏஸ் வான், எங்கட ஊரில் டொல்பின் என்பார்கள். மூன்று தரம் கரியர் மாற்றிவிட்டேன். முதலாவதை கூரையில் துளை போட்டுப் பூட்டினேன். ஒரே மாரியில் சீலிங் துணி முழுக்கக் கறை, இரண்டாம் வருசம் துளையைச் சுற்றித் துரு. எந்தப் பசை போட்டாலும் கூரைத் தகடு வெயிலில் விரிந்து சுருங்கும், பசை ஒருநாள் விட்டுவிடும். உங்கட டிராவலரிலும் கூரை ஓரத்தில் மழைப் பீலி, அதாவது தண்ணி வழிந்தோடும் விளிம்பு, இருக்கும். அதைக் கவ்விப் பிடிக்கிற கால் செய்யச் சொல்லுங்கள். கூரையில் ஒரு துளையும் வேண்டாம். கால்கள் இரண்டு அடிக்கு ஒன்று, உள்ளே ரப்பர்.

இரண்டாவது கரியர் அலுமினியம், ஸ்டெயின்லெஸ் போல்ட். கடற்கரை ஊர்; போல்ட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. இரண்டு உலோகமும் உப்புத் தண்ணியும் சேர்ந்தால் அதுதான். இப்போது நைலோன் வாஷர் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

இன்னொன்று. முன் குழாய் காற்றில் ஊளையிடும். அதில் ஒரு கயிற்றைச் சுருளாகச் சுற்றிக் கட்டுங்கள், சத்தம் நின்றுவிடும். சிரிக்காதீர்கள், செய்து பாருங்கள்.

சோதனைச்சாலை:
கயிறு உண்மையில் வேலை செய்யும். உருண்டைக் குழாய்க்குப் பின்னால் காற்று மாறி மாறிச் சுழல்வதால்தான் ஊளை. சுருள் கயிறு அந்தத் தாளத்தைக் கலைத்துவிடும். உயரமான புகைபோக்கிகளில் சுற்றியிருக்கும் இரும்புச் சுருளும் இதற்குத்தான்.

இனி எடை. கரூர் அண்ணன் சொல்லும் 40-க்கு 40 பைப் மீட்டருக்கு சுமார் 2.3 கிலோ. 12 அடிக்கு ஐந்தேகால் அடி கேரியர், மேலும் கீழும் இரண்டு சுற்று, எட்டு குறுக்குக் கம்பி, நிறுத்துக் கால்கள் என்றால் 36 மீட்டர் ஆகும். அதாவது 83 கிலோ. தண்ணீர் 120, கூடாரம் 60, பேனல் இரண்டும் 40. மொத்தம் 300 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கிவைக்கிறீர்கள்.

கரூர்ப்பட்டறை:
13 பேர் போகிற வண்டியில் 5 பேர்தானே போகிறார்கள்? எட்டு பேர் எடை 500 கிலோ மிச்சம். அதில் 300 மேலே வைத்தால் என்ன? அந்தக் காலத்தில் கிராமத்து பஸ் டாப்பில் வாழைத்தார், சைக்கிள், ஆடு எல்லாம் போச்சு.

சோதனைச்சாலை:
ஆக்ஸிலுக்குப் பிரச்சினை இல்லை, அதை நான் சொல்லவில்லை. உட்கார்ந்த ஆளின் எடை தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டரில் இருக்கிறது. கேரியர் எடை 2.6 மீட்டரில். 500-ஐ 1.25-ஆல் பெருக்கினால் 625. 300-ஐ 2.6-ஆல் பெருக்கினால் 780. எடை குறைந்தும் வளைவில் வண்டியைச் சாய்க்கும் பலம் கூடுகிறது. தண்ணீர் பாதி டேங்க் என்றால் இன்னும் மோசம், வளைவுக்கு வளைவு அந்தப் பக்கம் ஓடிவந்து அதுவும் சேர்ந்து தள்ளும். ஆடு அப்படித் தள்ளாது.

நாடோடிக்குடும்பம்:
தண்ணீரை எதற்கு மேலே வைக்கிறீர்கள்? பலகைக்கு அடியில், பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே நாங்கள் 80 லிட்டர் வைத்திருக்கிறோம், சின்ன 12 வோல்ட் பம்ப். குளிக்க மட்டும் மேலே எட்டடி நீளம் நாலு அங்குல பி.வி.சி. குழாய், கறுப்பு பெயின்ட் அடித்து. 20 லிட்டர் பிடிக்கும், மத்தியானத்துக்குள் சுட்டுவிடும். இரண்டு பேர் சிக்கனமாகக் குளிக்கலாம். மூன்றாவது ஆள் திட்டுவார்.

உயரத்தையும் அளந்து டேஷ்போர்டில் எழுதி ஒட்டுங்கள். ஒரு லாட்ஜ் போர்ட்டிகோவில் எங்கள் பேனலை விட்டுவிட்டு வந்தோம்.

ஆழியார்வழி:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மனைவியும் படித்தாள், சிரித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

இப்போதைக்கு: பின்னால் முதல் இரண்டு வரிசை கம்பெனி சீட் அப்படியே இருக்கும். என் வண்டியில் அதற்கு இடுப்பு பெல்ட் இருக்கிறது, இத்தனை நாள் குஷனுக்கு அடியில் செருகிக் கிடந்தது. மீதியைக் கழற்றுவதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீஸ். பலகை ப்ளைவுட்டில். தண்ணீர் கீழே. கேரியர் ஆறடி, பீலியில் கவ்வுகிற கால், ஒரு அங்குல பைப், பேனல் இரண்டு மட்டும். கூடாரம்தான் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை.

கரூர்ப்பட்டறை:
கூடாரம் வைக்கலாம். தண்ணீர் கீழே போனதே பெரிய எடை. அதை எடுத்துவிட்டால் வண்டி எதற்கு, கார் போதுமே.

சோதனைச்சாலை:
நின்ற வண்டியில் பிள்ளைகள் மேலே படுப்பது வேறு, 60 கிலோவைக் கொண்டை ஊசியில் சுமந்து போவது வேறு. தரையில் அடிக்கும் கூடாரம் பத்து கிலோகூட வராது. இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் அண்ணே.

கரூர்ப்பட்டறை:
போகவேண்டாம் சார். தம்பி, அம்மா எந்த சீட்டில் உட்காருவார் என்று கேட்டீங்களா?

ஆழியார்வழி:
கேட்டேன். பின்னாலேயே வேண்டாமாம். டிரைவர் பக்கத்து சீட்தான் வேண்டுமாம், அப்போதுதான் வழியில் டீக்கடை தெரியுமாம்.

கரூர்ப்பட்டறை:
அப்போ முதல் வேலையாக அந்தக் கதவு ஓரத்தில் ஒரு கைப்பிடி போடுங்க. டிராவலர் முன்படி உயரம். வயசானவர்கள் பிடிக்கிற மாதிரி ஒரு அங்குல உருண்டைப் பைப், சொரசொரப்பு டேப் சுற்றி. அதை மட்டும் கிரில் பட்டறையில் கொடுக்காதீங்க, நான் செய்து பார்சல் அனுப்புகிறேன்.