கூட்டத்தில் வாய் திறக்காத குழு: 6-3-5 முறையைச் செய்து பார்த்தவர்கள் உண்டா?

வணக்கம் உறவுகளே. நிலாவெளியில் ஒரு சுற்றுலா விடுதியில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மே மாதம் பருவகாலம் தொடங்கினால் எங்கள் சமையலறைக்கும் வரவேற்புப் பகுதிக்கும் ஏழாம் பொருத்தம். திமிங்கிலம் பார்க்க விடியற்காலையில் படகேறும் விருந்தினருக்குக் காலை உணவுப் பொதியை யார் கட்டுவது என்பதே தினசரிச் சண்டை. கூட்டம் போட்டால் முகாமையாளர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நல்ல யோசனையெல்லாம் பிறகு தேநீர்க் கடையில்தான் வெளிவரும்!

அதனால்தான் ஜேர்மனியரான பேர்ன்ட் ரோர்பாக் 1968இல் வெளியிட்ட 6-3-5 முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆறு பேர், ஆளுக்கு ஒரு தாளில் மூன்று யோசனை எழுத வேண்டும், அதற்கு ஐந்து நிமிடம். பிறகு தாள் அடுத்தவரிடம் போகும். அவர் அதைப் படித்து மேலே வளர்ப்பார். ஆறு சுற்றில் 108 யோசனைகள். பேசக் கூச்சப்படுபவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

ஆனால் எங்களில் சிலர் தமிழில் எழுதுவார்கள், சிலர் சிங்களத்தில். தாள் கைமாறும்போது எப்படிப் படிப்பது? படம் வரையச் சொல்லலாமா, இருமொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைக்கலாமா? கையெழுத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கும் முகாமையாளரை என்ன செய்வது? உண்மையில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். பொதுவான அறிவுரை போதுமான அளவு கிடைத்துவிட்டது.