மதுரையில் இரண்டு நாள்: கோயிலும் மஹாலும் பார்த்தாச்சு, வேறென்ன பார்க்கலாம்?

நொய்யல்கரை எழுதியது:

வணக்கம். மச்சினன் கல்யாணத்துக்காக அடுத்த மாதம் கோவையிலிருந்து மதுரை வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். திங்கள், செவ்வாய் இரண்டு நாள் கையில் இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மஹால், தெப்பக்குளம், அழகர்கோயில் எல்லாம் மூன்று நான்கு தடவை பார்த்தாகிவிட்டது. இந்தத் தடவையும் ஜிகர்தண்டா குடித்துவிட்டு பஸ் ஏற மனசில்லை. கூட்டமில்லாத, பழைய இடங்களாகச் சொல்லுங்கள்.

ஒரே சிக்கல், அப்பாவும் வருகிறார். 71 வயது, மூட்டுத் தேய்மானம். சமதரையில் எவ்வளவு வேண்டுமானாலும் நடப்பார், படி என்றால் பத்துக்கு மேல் ஆகாது. போய்வர மச்சினன் காரைத் தருகிறேன் என்றிருக்கிறான்.

பருத்திப்பால் எழுதியது:

கீழடி போங்க பாஸ். பக்கத்துக் கொந்தகையில் 2023இல் திறந்த அருங்காட்சியகம். வார விடுமுறை என்றைக்கு என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். திங்கள், செவ்வாய் என்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

பழைய ரெப் எழுதியது:

தம்பி, கீழடி நல்ல இடம்தான், ஆனால் அதை இப்போது எல்லோரும் சொல்லிவிடுவார்கள். நான் வேறு சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருஷம் மருந்துக் கம்பெனி ரெப்பாக இருந்தேன். ஒத்தக்கடை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று டாக்டர்கள் வாசலில் காத்துக்கிடந்தே தலை நரைத்தது. மத்தியானம் கிளினிக்கை மூடினால் மறுபடி சாயங்காலம்தான் திறப்பார்கள். நடுவில் பையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? மலையடிவாரம்தான். மதுரையைச் சுற்றி மலைக்குப் பஞ்சமில்லை. தொல்லியல் எல்லாம் படித்தவனில்லை நான். நிழல் தேடிப் போய்க் கண்ணில் பட்டவை இவை.

முதல் நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆனைமலை, நரசிங்கம் போங்கள். ஒத்தக்கடைக்குப் பக்கம். தூரத்திலிருந்து பார்த்தால் யானை படுத்திருக்கிற மாதிரியே மலை இருக்கும். அடிவாரத்தில் மலையைக் குடைந்து யோக நரசிம்மர் கோயில். மலை ஏறும் வேலையே இல்லை. கி.பி. 770இல் வெட்டிய கல்வெட்டு அங்கே இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனுக்கு மந்திரியாக இருந்த மாறன் காரி குடைய ஆரம்பித்து, வேலை முடிவதற்குள் இறந்துபோகிறார். அதே பதவிக்கு வந்த அவர் தம்பி மாறன் எயினன் முன்மண்டபம் கட்டி முடித்துக் கும்பிடத் திறந்துவைக்கிறார். அண்ணன் விட்டதைத் தம்பி முடித்த கதை. கல்யாண வீட்டில் சொல்வதற்கும் தோதானது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் லாடன் கோயில் என்று இன்னொரு குடைவரை. முருகனும் தெய்வானையும் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். கம்பிக் கதவு பூட்டியிருந்தால் கவலைப்படாதீர்கள், வெளியே நின்றே பார்க்கலாம்.

இரண்டாவது நாள் சமணர் மலை, கீழக்குயில்குடி. தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இடதுபக்கம் திரும்ப வேண்டும். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில். அப்பா அங்கேயே உட்காரட்டும், ஒரு குறையும் இருக்காது. நீங்கள் மட்டும் பாறைப் படியில் ஏறிப் பேச்சிப்பள்ளம் போங்கள். சுனையொட்டிப் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள், அதாவது சமணர்கள் கும்பிடும் குருமார்கள். கீழே வட்டெழுத்து, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து. நான் பல வருஷம் அதை வெறும் கீறல் என்றே நினைத்திருந்தேன். மேலூரில் டாக்டருக்காக என்னோடு காத்திருந்த தமிழாசிரியர் ஒருவர்தான் ஒரு சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்காட்டினார்: ‘அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி’. அச்சணந்தி என்பவர் ஒரு சமணத் துறவி, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தியவர். ஆனைமலையிலும் அழகர்மலையிலும்கூட அவர் பெயர் வருகிறது. மகன் துறவியாகி மலை மலையாகச் சுற்ற, தாயார் இங்கே ஒரு சிலை வெட்டவைத்திருக்கிறார். அடுத்த முறை போனபோது அந்த எழுத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு இரண்டு டாக்டர்களைப் பார்க்காமல் விட்டு, மேனேஜரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை.

அதே மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. வெளியே பெரிய மகாவீரர். நீண்ட காதைப் பார்த்து ஊர்க்காரர்கள் செட்டியார் ஆக்கிவிட்டார்கள், அதுதான் பெயர்க்காரணம். குகைக்குள் குனிந்து மேலே பாருங்கள். சிங்கத்தின் மேலிருந்து ஒரு பெண் தெய்வம், யானைமேல் வருகிறவனோடு சண்டை போடுகிறது. நிறையப் பேர் மகாவீரரோடு போட்டோ எடுத்துக்கொண்டு இதைப் பார்க்காமலே இறங்கிவிடுகிறார்கள்.

காலையில் சீக்கிரம் போங்கள், இல்லாவிட்டால் நாலு மணிக்கு மேல். வெயில் சாய்ந்து விழுந்தால்தான் எழுத்து எழுந்துநிற்கும். உச்சிவெயிலில் எல்லாம் ஒரே பாறைதான்.

தனியாக வந்தீர்களென்றால் கிடாரிப்பட்டிப் பக்கமாக அழகர்மலை ஏறச் சொல்லியிருப்பேன். அங்கே குகையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் மதுரை உப்பு வணிகன், கொழு (ஏர்முனை இரும்பு) வணிகன் என்றெல்லாம் இருக்கிறது. சமணத் துறவிகளுக்குப் பாறையில் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்கள் பெயர். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் என்னைப்போல ஊர் ஊராகச் சரக்கு விற்றவர்கள் என்பதால் எனக்கு அந்த இடத்தின்மேல் தனிப் பாசம். ஆனால் ஏற்றம் கடினம், ஊர்க்காரர் துணையில்லாமல் போகக்கூடாது. நெடுஞ்செழியன் பெயர் இருக்கிற மாங்குளமும் அரிட்டாபட்டியும் இன்னொரு தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் நான்கு மலை பார்த்தால் கால்வலிதான் மிச்சம்.

ஊருக்குள் என்றால் பத்துத்தூண். விளக்குத்தூணுக்குப் பக்கத்துச் சந்தில், ஜவுளிக்கடைகளுக்கு நடுவே வானத்தைப் பார்த்துக்கொண்டு பத்துக் கல்தூண்கள். நாயக்கர் அரண்மனையில் மிஞ்சியது. காரைச் சந்துக்குள் கொண்டுபோகாதீர்கள்.

நொய்யல்கரை எழுதியது:

ரொம்ப நன்றி சார். பேச்சிப்பள்ளம் வரைக்கும் அப்பாவை மெதுவாகக் கூட்டிப்போக முடியுமா? கைப்பிடி இருக்கிறது என்கிறார்களே?

குயில்குடி மருமகள் எழுதியது:

வேண்டாங்க. நான் அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள், தினமும் பார்க்கிறேன். ஏறுவதுகூட ஏறிவிடலாம், இறங்கும்போதுதான் முழங்கால் காட்டிக்கொடுக்கும். பெரியவரைக் கீழேயே விடுங்கள், ஆலமரத்தடியில் பேச்சுத்துணைக்கு எப்போதும் யாராவது இருப்பார்கள். பையில் பழம், பிஸ்கட் வைத்திருந்தால் குரங்கு பார்த்துக்கொள்ளும், ஜாக்கிரதை. அப்புறம் அது சாமி கும்பிடுகிற இடம். அய்யனார் கோயில் பக்கம் செருப்போடு போக வேண்டாம் என்று பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். பாறையில் பேர் கிறுக்குகிறவர்களைப் பார்த்தால் ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போங்கள், புண்ணியமாகப் போகும்.

பழைய ரெப் எழுதியது:

அம்மா சொன்னதைக் கேளுங்கள் தம்பி. நான் ஏறியது முப்பத்தைந்து வயதில். அந்தக் கணக்கு மறந்துபோச்சு.

நொய்யல்கரை எழுதியது:

போய்விட்டு வந்தோம். நரசிங்கத்தில் அப்பாவுக்கு ஒரு சிரமமும் இல்லை. லாடன் கோயிலில் கம்பிக் கதவு பூட்டித்தான் இருந்தது. கம்பி வழியாக அப்பாவே எட்டிப் பார்த்து, ‘அதோ தெய்வானை’ என்றார்.

சமணர் மலைக்குச் செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கே போய்விட்டோம். அப்பா ஆலமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். மேலே போய் அந்த வட்டெழுத்தைப் பார்த்தேன். படிக்கத் தெரியாவிட்டாலும் வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு எழுத்தும் குழியாகத் தெரிந்தது. மொபைலில் எடுத்துவந்து அப்பாவிடம் காட்டி, சார் எழுதியிருந்ததைப் படித்துக்காட்டினேன். திரைக்குள் விரலை வைத்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ‘பையன் பேரைப் போட்டுத்தானே தன்னைச் சொல்லிக்கிறா’ என்றார். அப்புறம், ‘அந்தம்மா மேலே ஏறிப் பார்த்திருப்பாளா?’ என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

செட்டிப்புடவுக்கு நேரமில்லை, மாலை ரயில். நடுவில் பத்துத்தூண் மட்டும் பார்த்தோம். காரைச் சந்துக்குள் விடாதே என்று சார் எழுதியிருந்ததை மச்சினனிடம் சொன்னேன், அவன் கேட்கவில்லை. ரிவர்ஸில் வெளியே வர முக்கால் மணி நேரம். ஒரு ஜவுளிக்கடைப் பையன் முன்னால் நின்று கைகாட்டிக் கொண்டுவந்து விட்டான்.