பிஆர் (நிரந்தரவாசம்) வாங்கினால் 20 சதவீதம் போச்சா? ஈபி (நிபுணர்களுக்கான வேலை அனுமதி) போதும் என்பவர்கள் பதில் சொல்லுங்கள்

உட்லண்ட்ஸ்வாசி, இரவு 9:12
நேற்று வேறொரு இழையில் கும்பகோணத்தான் எழுதியது இது: "சிங்கப்பூரில் ஈபி கையில் இருக்கும்போது பிஆர் கேட்பவன் முட்டாள். சம்பளத்தில் 20 சதவீதம் சிபிஎஃப்புக்குப் (மத்திய சேமநிதிக்குப்) போச்சு." இதைப் படித்துவிட்டு எங்கள் உறவுக்காரப் பையன் பாதி நிரப்பிய விண்ணப்பத்தை மூடிவிட்டான். எனக்கு வயிறு எரிகிறது. 7,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளத்தில் 1,400 பிடிப்பார்கள், சரி. முதலாளி தன் பங்காகப் போடும் 17 சதவீதம், அதாவது 1,190 வெள்ளி எங்கே போயிற்று? ஈபியில் இருப்பவருக்கு அது கிடையவே கிடையாது. அதுவும் முதல் வருடம் உங்களிடம் 5 சதவீதம்தான் பிடிப்பார்கள், இரண்டாம் வருடம் 15. மூன்றாம் வருடத்தில்தான் முழுசாக 20. அரைக் கணக்கைச் சொல்லி ஊரைப் பயமுறுத்தாதீர்கள்.

கும்பகோணத்தான், இரவு 9:40
கையில் வராத காசு காசே இல்லை. ஊரில் வீட்டுக்கடன் தவணை, அப்பாவின் மருந்துச் செலவு இதையெல்லாம் சிபிஎஃப் கட்டுமா? 1,400 வெள்ளியை மாதாமாதம் அனுப்புகிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். உங்கள் 17 சதவீதமும் வானத்திலிருந்து கொட்டாது. பிஆர் ஆனதும் அடுத்த இன்கிரிமென்டில் முதலாளி அதைச் சரிக்கட்டிவிடுவார். 20 போச்சு என்றால் போச்சுதான்.

உட்லண்ட்ஸ்வாசி, இரவு 9:51
போகவில்லை. உங்கள் பெயரில் கிடக்கிறது. சாதாரணக் கணக்கில் 2.5 சதவீத வட்டி. பிஆரை விட்டுவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்பினால் உங்கள் பங்கு, முதலாளி பங்கு, வட்டி மூன்றும் கைக்கு வரும். 17 சதவீதத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

கிரேன்_வேலு, இரவு 10:05
தலைப்பில் ஈபி என்று போட்டிருக்கிறது, உள்ளே வந்தால் 7,000 வெள்ளிக் கணக்கு. வொர்க் பர்மிட்டில் (கட்டுமானம் போன்ற வேலைகளுக்கான அனுமதியில்) இருக்கும் நாங்கள் பிஆருக்கு விண்ணப்பமே போட முடியாது. மனைவி பிள்ளையை அழைத்து வரவும் முடியாது. பதினொரு வருடமாகக் கட்டுமானத் தளத்தில் நிற்கிறேன், தங்குவது தொழிலாளர் விடுதியில், டார்மிட்டரியில். எது நல்லது என்று பேச உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. எங்களுக்கு ஒன்றுதான்.

கும்பகோணத்தான், இரவு 10:11
வேலு தம்பி, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் இது வேறு விஷயம். இங்கே பேச்சு 20 சதவீதத்தைப் பற்றி.

கிரேன்_வேலு, இரவு 10:14
உங்களுக்கு எப்போதுமே நாங்கள் வேறு விஷயம்தான், சார்.

தெம்பனிஸ்_அம்மா, இரவு 10:30
காசைப் பற்றியே எழுதுகிறீர்களே, மகன் இருக்கும் வீட்டில் பெரிய கேள்வி தேசிய சேவை, அதாவது கட்டாயப் படைப்பணி அல்லவா? விண்ணப்பிக்கும் அப்பாவுக்கு அது இல்லை. அவர் வழியாகப் பிஆர் ஆகும் மகனுக்கு உண்டு, முழுநேரமாக இரண்டு வருடம்.

கும்பகோணத்தான், இரவு 10:38
அக்கா சரியாகச் சொன்னார்கள். காசில் 20 சதவீதமும் பிடுங்கி, பையனின் இரண்டு வருடமும் பிடுங்குவார்கள்.

தெம்பனிஸ்_அம்மா, இரவு 10:46
நான் அப்படிச் சொல்லவே இல்லை. பிடுங்கினார்கள் என்று யார் சொன்னது? என் மகன் தெக்கோங் தீவில் பயிற்சி முடித்து அணிவகுப்பில் நின்றபோது நான் அழுதேன், பெருமையில் அழுதேன். பிள்ளை வளர்ந்த நாட்டுக்குச் செய்கிறான். முன்கூட்டியே தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்றுதான் சொன்னேன். என் வார்த்தையைத் திருப்பாதீர்கள்.

உட்லண்ட்ஸ்வாசி, இரவு 11:02
அவருக்கு அதுதான் வழக்கம், அக்கா. போன வருடம் மறுவிற்பனை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டைப் பற்றிய இழையிலும் இப்படித்தான் செய்தார். பிஆர் குடும்பம் மூன்று வருடம் காத்திருந்து வாங்கலாம் என்று நான் எழுதினேன். "பிஆருக்கு வீடே கிடையாது என்று உட்லண்ட்ஸ்வாசியே ஒப்புக்கொண்டார்" என்று போட்டார். இன்றுவரை திருத்தவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். 2020இல் எனக்கு வேலை போயிற்று. கம்பெனி பெயர் வேண்டாம். ஈபியை ரத்து செய்தார்கள், கையில் 30 நாள். மகள் இரண்டாம் வகுப்பு. சோபா, குளிர்பெட்டி, அவள் படிக்கும் மேசை எல்லாவற்றையும் 200 வெள்ளிக்குத் தள்ளிவிட்டோம். மேசையைத் தூக்கிக்கொண்டு போனவரைப் பார்த்து மகள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 26ஆம் நாள் வேறு வேலை கிடைத்தது. பிஆராக இருந்திருந்தால் வேலை போனதற்காக நாட்டை விட்டுப் போக நாள் எண்ண வேண்டியதில்லை. அந்த 26 நாளுக்கு எத்தனை சதவீதம் என்று கும்பகோணத்தான் போட்டுக் காட்டட்டும்.

செங்காங்_புதியவன், இரவு 11:09
ஈபிக்கான குறைந்தபட்சச் சம்பள வரம்பும் ஏறிக்கொண்டேதானே போகிறது? 2025 ஜனவரி முதல் இளம் வயதினருக்கே 5,600. 45 வயதில் 10,700 என்கிறார்கள். நிதித்துறைக்கு இதற்கும் மேல். எனக்கு இப்போது 38.

கும்பகோணத்தான், இரவு 11:15
திறமை இருந்தால் சம்பளமும் ஏறும், தம்பி. வேலை போனவர் கதையைக் கேட்டுப் பயப்படாதீர்கள். நான் பதினான்கு வருடமாக ஈபி. ஒரு நாள்கூட வேலை இல்லாமல் இருந்ததில்லை.

உட்லண்ட்ஸ்வாசி, இரவு 11:18
வேலை போனவனுக்குத் திறமை இல்லை என்கிறீர்களா? நேராகச் சொல்லுங்கள். நீங்கள் இரண்டு முறை 100 வெள்ளி கட்டிப் பிஆருக்கு விண்ணப்பித்து, இரண்டு முறையும் நிராகரிக்கப்பட்டதை நீங்களே 2022இல் இங்கே எழுதியிருக்கிறீர்கள். அப்போது இந்த 20 சதவீதம் கண்ணுக்குத் தெரியவில்லையா?

கும்பகோணத்தான், இரவு 11:31
தனிப்பட்ட விஷயத்தை இழுப்பவரிடம் எனக்குப் பேச்சில்லை. காரணமே சொல்லாமல் நிராகரித்தார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தப்பித்தேன் என்றே நினைக்கிறேன்.

தெம்பனிஸ்_அம்மா, இரவு 11:36
கிடைத்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள், தம்பி.

கும்பகோணத்தான், இரவு 11:37
எழுதியிருப்பேன்.

கிரேன்_வேலு, இரவு 11:44
காலை ஐந்து மணிக்கு லாரி வந்துவிடும். நீங்கள் எழுதும் நூறு வரியில் எங்களுக்கென்று ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. படுக்கப் போகிறேன்.

உட்லண்ட்ஸ்வாசி, காலை 6:50
புதியவன் தம்பி, தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், என்னென்ன ஆவணம் வேண்டும் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். கும்பகோணத்தான், 17 சதவீதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. 7,000 வெள்ளியில் உங்கள் 1,400ம் முதலாளியின் 1,190ம் சேர்த்து 2,590 உங்கள் கணக்கில். ஈபியில் பூஜ்யம்.

கும்பகோணத்தான், காலை 7:22
ஈபியில் 1,400 கையில். பூஜ்யம் எப்படி ஆகும்?

உட்லண்ட்ஸ்வாசி, காலை 7:24
1,190 எங்கே?